தண்ணீரில் நின்ற காருக்கு மறுபடி செல்ஃப் அடித்தால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: "போன மழையில் வேளச்சேரியில் முழங்கால் அளவு தண்ணீரில் என் டீசல் கார் நின்றுவிட்டது. முன்னால் ஒரு பஸ் தாராளமாகப் போனது, அதை நம்பி அதன் பின்னாலேயே போனேன். திணறித் திணறி நின்றது. நாலைந்து தடவை செல்ஃப் அடித்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டது, இன்ஜினையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும் இன்ஜினுக்குப் பணம் வராதாம். பஸ்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்கு மட்டும் ஏன் இப்படி? இனி என்ன செய்வது?"

உங்களுக்கு மட்டும் இல்லை. நான் இருபது வருடத்துக்கு மேலாக இன்ஜின் இறக்கிப் பிரிக்கும் வேலையில் இருக்கிறேன். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதே, அதற்குப் பிறகு எங்கள் பட்டறை வாசலில் வண்டிகள் தெருமுனை வரை நின்றன. அவற்றில் இரண்டு வகை. வீட்டு வாசலில் நிறுத்தியபடியே கூரை வரை மூழ்கியவை ஒரு வகை. தண்ணீரில் ஓட்டிக்கொண்டு போய், நின்று, மறுபடி ஸ்டார்ட் செய்யப் பார்த்தவை இன்னொரு வகை. பார்க்கப் பயங்கரமாக இருந்தவை முதல் வகைதான், சீட்டெல்லாம் சேறு. ஆனால் அவற்றில் யாரும் சாவியைத் திருப்பாமல் இருந்திருந்தால், பெரும்பாலும் இன்ஜினைக் கழுவிக் காப்பாற்றிவிட முடிந்தது. இரண்டாவது வகை வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே பிஸ்டனைத் தாங்கும் தண்டு, அதாவது கனெக்டிங் ராடு, வளைந்திருக்கும். தண்ணீரில் முழுக மூழ்கிய இன்ஜின் பிழைக்கிறது, முழங்கால் தண்ணீரில் போனது சாகிறது. இது ஏன் என்று புரிந்துவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

சைலன்சர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அந்த நம்பிக்கைதான் நிறைய இன்ஜினைக் கெடுக்கிறது. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது புகை அழுத்தத்தோடு வெளியே வருகிறது. ஒன்று ஒன்றரை அடித் தண்ணீரின் எதிர்ப்பு அதற்குப் பெரிய விஷயமே இல்லை, குமிழி விட்டுக்கொண்டே வெளியேறிவிடும். சரி, இன்ஜின் நின்றுவிட்டால்? அப்போது சைலன்சருக்குள் தண்ணீர் போகும்தான். ஆனால் குழாய்க்குள்ளும் தண்ணீர் வெளியே நிற்கும் மட்டம் வரைதான் ஏறும், அதற்கு மேல் தானாக ஏறாது. சைலன்சர் குழாய் முன்பக்கம் போய், சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் இன்ஜின் ஹெட்டின் உயரத்தில்தான் சேர்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீர் அங்கே போய்ச் சேர வழியில்லை. உங்கள் இன்ஜினுக்குள் தண்ணீர் பின்பக்கமாக வரவில்லை, முன்பக்கமாக, காற்று இழுக்கும் வாய் வழியாக வந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஃபில்டர் பேப்பர் ஊறி நெளிந்திருந்தால் அதுவே சாட்சி.

சைலன்சர் வழியாக வரும் என்று நம்புகிறவர் என்ன செய்கிறார்? 'புகை நிற்கக்கூடாது' என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் பாய்கிறார். இன்ஜின் இன்னும் வேகமாக மூச்சு இழுக்கிறது, வண்டி இன்னும் பெரிய அலையைக் கிளப்புகிறது. இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் நேராக வாய்க்குள்.

அந்த மூச்சு எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் கார் எது என்று நீங்கள் சொல்லவில்லை. நம் ஊரில் பத்து வருடத்துக்கு மேல் எல்லாத் தெருவிலும் ஓடிய 1248 சிசி டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 312 சிசி. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் ஒரு சிலிண்டர் காற்றை இழுக்கும். அப்படிப் பார்த்தாலும் 2500 ஆர்.பி.எம்-மில் நிமிடத்துக்கு 1,560 லிட்டர் காற்று. பதினைந்து லிட்டர் வாளியில் அளந்தால் நிமிடத்துக்கு நூறு வாளி. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ வேலை செய்தால் இதற்கும் மேல். ஹெட்லைட்டுக்குப் பின்னால் நம் முஷ்டி அளவு ஒரு வாய் வைத்துக்கொண்டு இவ்வளவையும் இழுக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு அலை தொட்டால் போதும், எவ்வளவு உள்ளே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்கிறது? அந்த டீசல் இன்ஜினின் கம்ப்ரஷன் விகிதம் 17-க்குக் கொஞ்சம் மேல். அதாவது பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ளே இருக்கும் காற்றை, மேலே வரும்போது ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு மேலே மிச்சமிருக்கும் இடம் சுமார் 19 மி.லி. சமையலறையில் இருக்கும் மேசைக்கரண்டி 15 மி.லி. பிடிக்கும். ஒன்றேகால் கரண்டி இடம், அவ்வளவுதான். காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. இருபது மில்லிக்கு மேல் தண்ணீர் ஒரே சிலிண்டரில் சேர்ந்துவிட்டால் பிஸ்டன் உச்சிக்குப் போகவே முடியாது, நடுவழியில் கல்லில் மோதியதுபோல நின்றுவிடும். கீழே, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் ஷாஃப்ட்டோ சுழன்று வந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது கனெக்டிங் ராடு. அதுதான் வளைகிறது.

1200 சிசி பெட்ரோல் இன்ஜினில் இந்த இடம் கிட்டத்தட்ட 30 மி.லி., இரண்டு கரண்டி. அதனால் பெட்ரோல் கொஞ்சம் தாங்கும். தவிர, பெட்ரோலில் தண்ணீர் தெறித்து ஸ்பார்க் பிளக் நனைந்தாலே இன்ஜின் திணறி நின்றுவிட வாய்ப்பு உண்டு. டீசலில் நனைந்து போக ஸ்பார்க்கே கிடையாது, வேகமாகப் போனால் கடைசி வரை ஓடிக்கொண்டே இருந்து, முழு வேகத்தில் தண்ணீரில் முட்டும். எங்களிடம் ராடு வளைந்து வரும் வண்டிகளில் டீசல் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது பஸ். பஸ், லாரிகளில் காற்று இழுக்கும் வாய் காரைவிட நன்றாக உயரத்தில் இருக்கும், சக்கரமும் பெரிது. அது போகிற தண்ணீர் வேறு, நாம் போகிற தண்ணீர் வேறு. அதைவிட முக்கியம், பஸ் கிளப்பிவிட்டுப் போகிற அலை. பெரும்பாலான சின்னக் கார்களில் காற்று வாய் தரையிலிருந்து இரண்டு அடிக்குச் சற்று மேலே இருக்கும். சில மாடல்களில் குளிர்ந்த காற்று கிடைக்கட்டும் என்று பம்பர் பக்கம் கீழே இறக்கியும் வைத்திருப்பார்கள். முழங்கால் தண்ணீர் ஒன்றரை அடி. அசையாமல் இருந்தால் அது உங்கள் காரின் காற்று வாயை எட்டியிருக்காது. பஸ்ஸின் அலை அரை அடி, உங்கள் கார் முன்னால் தள்ளிக்கொண்டு போன அலை அரை அடி, எதிரே வந்த ஏதாவது ஒரு வண்டியின் அலை ஒரு பிடி. போதும். இதோடு ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தால் ரேடியேட்டர் ஃபேனும் சுற்றும். தண்ணீரில் முங்கிய ஃபேன் பானட்டுக்குள் நாலு பக்கமும் வாரி இறைக்கும், அதே ஏர் ஃபில்டர் வாய் மேலும்தான்.

அடுத்தது, நீங்கள் நாலைந்து முறை செல்ஃப் அடித்தது. இதை உங்கள் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது நம் ஊரில் இரண்டு தலைமுறையாகக் கற்றுக்கொடுத்த பழக்கம். அம்பாசடர், பத்மினி, பழைய மாருதி 800 இவற்றிலெல்லாம் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்க டிஸ்ட்ரிபியூட்டர் என்று ஒன்று இருந்தது. மழைத்தண்ணீர் அதன் மூடியில் பட்டாலே மின்சாரம் கசிந்து வண்டி நின்றுவிடும். டிரைவர் இறங்கி பானட்டைத் திறந்து, மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து மாட்டிவிட்டு, செல்ஃப் அடிப்பார், ஸ்டார்ட் ஆகிவிடும். அப்பா செய்ததைப் பார்த்த பிள்ளையும் அதையே செய்கிறார். அந்த வண்டிகள் தண்ணீர் சிலிண்டரை எட்டும் முன்பே நனைந்து நின்றுவிட்டன, அதனால் இன்ஜின் பிழைத்தது. இன்றைய வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, வயர் இணைப்புகளுக்கெல்லாம் ரப்பர் சீல் இருக்கிறது. தண்ணீரில் ஒரு புது வண்டி திணறி நின்றால், அது வெளியே நனைந்ததால் அல்ல, உள்ளே ஏதோ போய்விட்டதால் நின்றது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நின்ற நிமிடத்தில் பல நேரம் ராடு இன்னும் வளைந்திருக்காது. மெதுவாகப் போகும்போது தண்ணீர் கொஞ்சமாக ஏறினால் இன்ஜின் சக்தி இழந்து, தானே அணைந்துவிடும். உங்கள் வண்டி 'திணறித் திணறி நின்றது' என்கிறீர்கள், சத்தம் பிறகு வந்தது என்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் நின்றபோது ராடு நன்றாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அப்புறம் செல்ஃப் அடித்தபோது நடந்திருக்கக்கூடியது இது. செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றுகிறது. மூன்றாவது சிலிண்டரில் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம், ஆனால் முதல் சிலிண்டர் காய்ந்திருக்கிறது, அதில் டீசல் பற்றிக்கொள்கிறது. ஒரே ஒரு வெடிப்பு. அந்த ஒரு வெடிப்பின் பலம் முழுவதும் கிராங்க் வழியாக மூன்றாவது பிஸ்டனைத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. செல்ஃப் மோட்டாரால் மட்டும் வளையாத ராடு இதில் வளையும். அந்த 'டொக்' சத்தம் அநேகமாக அதுதான். நின்றிருப்பவர்களைக் கூப்பிட்டு, கியர் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது இதைவிட மோசம். ஒரு டன் வண்டியின் ஓட்டம் முழுவதும் சக்கரம், கியர் வழியாக வந்து அந்த ராடின் தலையில் இறங்கும்.

சிக்னலில் தானாக அணைந்து, கிளட்சை மிதித்தால் தானாக ஸ்டார்ட் ஆகும் வசதி இப்போது பல வண்டிகளில் இருக்கிறதே, மழைத்தண்ணீரில் இறங்கும் முன் அதை அணைத்துவிட வேண்டும். நீங்கள் சாவியைத் தொடாமல் இருந்தாலும் வண்டி தானே செல்ஃப் அடித்துக்கொள்ளும். ஹைபிரிட் கார்களில் இன்ஜின் எப்போது ஓட வேண்டும் என்பதை வண்டியே முடிவு செய்கிறது, அதனால் தண்ணீரில் மாட்டிக்கொண்டால் பவர் பட்டனையே அணைத்துவிட வேண்டும்.

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். 'இன்ஜினையே மாற்ற வேண்டும்' என்பதற்கு உடனே தலையாட்டாதீர்கள். பிரிக்காமல் அதைச் சொல்ல முடியாது. டீசலில் முதலில், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ, ஸ்டார்ட் ஆகச் சூடேற்றும் குளோ பிளக்கையோ கழற்ற வேண்டும். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். தண்ணீர் அந்த ஓட்டை வழியாகப் பீய்ச்சிக்கொண்டு வரும். முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் நல்ல செய்தி. பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று அளப்பது. நாலு சிலிண்டரில் ஒன்று மட்டும் தெளிவாகக் குறைவாகக் காட்டினால் அந்த ராடு வளைந்து, பிஸ்டன் உச்சிக்கு எட்டவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது ஹெட்டை இறக்கி, ஒவ்வொரு பிஸ்டனும் உச்சியில், சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கின் மேல்மட்டத்தைவிட எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். நாலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் அதுதான் ஆள்.

இந்த அளவை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், கொஞ்சமாக வளைந்த ராடோடு இன்ஜின் ஓடும். ஸ்டார்ட் ஆகும், லேசாக நடுங்கும், கொஞ்சம் புகை வரும், 'சரியாகிவிட்டது' என்று ஓட்டுவோம். 2015-க்குப் பிறகு அப்படி ஒரு வண்டி எனக்கு வந்தது. வேறு இடத்தில் தண்ணீரை வடித்து, ஆயில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நாலு மாதம் ஓடியிருக்கிறது. செங்கல்பட்டு தாண்டிப் போகும்போது ராடு முறிந்து பிளாக்கின் பக்கவாட்டில் கை நுழையும் அளவு ஓட்டை. குடும்பத்தோடு போய்க்கொண்டிருந்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முதலிலேயே பிரித்திருந்தால் ஒரு ராடு, ஒரு செட் பேரிங், பிஸ்டன் ரிங்கு, கேஸ்கெட், கூலியோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. பிளாக் ஓட்டையான பிறகு வேறு இன்ஜின்தான்.

ராடு மட்டும் வளைந்திருந்தால் ராடு மாற்றலாம். சிலிண்டர் சுவரில் பிஸ்டன் உரசிக் கோடு விழுந்திருக்கிறதா, கிராங்க் நேராக இருக்கிறதா என்று நல்ல லேத் பட்டறையில் பார்க்க வேண்டும். பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் இந்த வேலைக்கு நேரம் ஆகும் என்பதால் முழு இன்ஜினாக மாற்றிவிடுவது அவர்களுக்குச் சுலபம், பொறுப்பும் குறைவு. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பணம் உங்களுடையது, இரண்டு வழிக்கும் எஸ்டிமேட் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டர்போ டீசல் என்றால் இன்னொன்று: டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர். பல வண்டிகளில் அது முன்னால், தாழ்வான இடத்தில் இருக்கும். உள்ளே போன தண்ணீரில் ஒரு பங்கு அதற்குள் தேங்கி நிற்கும். எல்லாம் சரிசெய்து மூடிவிட்டு, அதைக் கழற்றிக் கவிழ்க்க மறந்தால், முதல் தடவை ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது அந்தத் தண்ணீர் புது ராடைத் தேடி வரும்.

நிறுத்திவைத்து மூழ்கிய வண்டி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். முதல் வேலை பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது. அதற்கு முன் 'லைட் எரிகிறதா பார்ப்போம்' என்றுகூடச் சாவியைப் போடாதீர்கள், ஈரத்தில் மின்சாரம் ஓடினால் கம்ப்யூட்டர் பெட்டிகளின் உள்ளே செம்பு அரித்துப் பச்சை பூத்துவிடும். ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஸ்டிக்கில் மட்டம் வழக்கத்தைவிட ஏறியிருந்தாலும் அதே அர்த்தம், ஆயில் மிதக்கும், தண்ணீர் அடியில் கிடக்கும். ஆயில், ஃபில்டர் இரண்டையும் வடித்து மாற்றி, பிளக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கையால் சுற்றி, எல்லாம் வெளியே வந்த பிறகுதான் செல்ஃப். ஸ்டார்ட் ஆனதும் பத்து நிமிடம் ஓடவிட்டு அந்த ஆயிலையும் வடித்துவிட வேண்டும். இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டி வரலாம், நிறம் தெளியும் வரை. இதில் நாள் கடத்தக்கூடாது. வெள்ளம் வடிந்து, வீட்டைக் கழுவி, சொந்தக்காரர் வீட்டிலிருந்து திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வாரம் விட்டால், ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் யாருக்கும் காரைப் பற்றி யோசிக்க மனம் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஆயிலை மட்டுமாவது வடிக்கச் சொல்லிவிடுங்கள்.

மற்ற பாகங்கள்: கியர் பாக்ஸுக்கு மேலே மூச்சுக்குழாய் இருக்கிறது, சூடான பெட்டி குளிர்ந்த தண்ணீரில் முங்கும்போது சுருங்கி அதன் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அந்த ஆயிலையும் பார்க்க வேண்டும். வீல் பேரிங் சில மாதம் கழித்து ஊளையிட ஆரம்பிக்கும். கிளட்ச் பிளேட் துருவில் ஒட்டிக்கொள்ளும், ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொள்ளும். பல வண்டிகளில் ஏர் பேக் கம்ப்யூட்டர் இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையில் இருக்கிறது, கார்ப்பெட் நனைந்த வண்டி என்றால் அதையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம், மேலே ஏற்றிப் போகும் வண்டியே நல்லது.

இனி இன்சூரன்ஸ். நீங்கள் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று சொல்வது, நம் வண்டிக்கு ஏற்படும் சேதத்தையும் சேர்த்த பாலிசி. அதில் வெள்ளம், புயல், மழைநீர் சூழ்வது எல்லாம் எழுத்திலேயே இருக்கிறது. தர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாய் கிடையாது. ஆனால் அதே பாலிசியில் விலக்குகள் பட்டியலில் 'தொடர் விளைவாக வரும் இழப்பு', 'இயந்திரக் கோளாறு' என்று இரண்டு இருக்கும். நின்ற வண்டிக்குள் வெள்ளம் புகுந்து சீட்டும் வயரிங்கும் போனால் அது நேரடிச் சேதம். தண்ணீரில் நின்ற பிறகு செல்ஃப் அடித்து ராடு வளைந்தால் அது தொடர் விளைவு என்று, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் எழுதுவார். உங்கள் வழக்கில் அவர்கள் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். இதற்கென்றே இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாக ஒரு ஆட்-ஆன் விற்கிறார்கள். பாலிசி புதுப்பிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம், வண்டி பழசாகிவிட்டால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். சென்னையில் தாழ்வான பகுதியில் இருப்பவர் பம்பர் டு பம்பர் எடுக்கிறாரோ இல்லையோ, இதை எடுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பம்பர் டு பம்பர் என்பது மாற்றும் பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது மட்டுமே. அதில் இன்ஜினும் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறைய.

உங்கள் பாலிசித் தாளை எடுத்து, ஆட்-ஆன் வரிசையில் அது இருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள். வண்டி வாங்கும்போது விற்றவர் சேர்த்துக் கொடுத்து, நமக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. இல்லை என்றாலும் கிளெய்மைக் கைவிடாதீர்கள். உள்ளே தண்ணீர் புகுந்ததால் கெட்ட மின்பாகங்கள், கார்ப்பெட், சுத்தம் செய்யும் செலவு இவை நேரடிச் சேதத்தில் வரும். இன்ஜின் விஷயத்திலும், தண்ணீர் உள்ளே புகுந்ததே வெள்ளத்தால்தான் என்று எழுத்தில் கேளுங்கள், மறுப்பையும் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. பழுதுச் செலவு வண்டியின் ஐ.டி.வி-யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிட்டு முடிப்பார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுத்த மழைக்கு. ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், எப்படித் தெரிந்துகொள்வது? முன்னால் போகும் உங்கள் அளவுக் காரின் சக்கரத்தைப் பாருங்கள், பஸ்ஸை அல்ல. சின்னக் காரின் டயர் மொத்த உயரமே சுமார் 60 செ.மீ., நடு அச்சு 30 செ.மீ. தண்ணீர் அந்த நடு அச்சைத் தொட்டால் நான் திரும்பிவிடுவேன். பெரிய எஸ்.யூ.வி. வைத்திருப்பவர்கள் கம்பெனி சொல்லும் அளவைப் பார்த்துக்கொள்ளலாம். மஹிந்திரா தாருக்கு 650 மி.மீ., லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900 மி.மீ. என்று கொடுத்திருக்கிறார்கள். அது நிதானமான வேகத்தில், அலை இல்லாத தண்ணீருக்கு. உயரமாக உட்கார்ந்திருக்கிறோம் என்பதால் மட்டும் காற்று வாயும் உயரத்தில் இருக்கும் என்று இல்லை. இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஏ.சி-யை அணைத்து, முதல் கியரில், நடக்கிற வேகத்தில், நடுவில் கியர் மாற்றாமல் போங்கள். எதிரே பஸ் வந்தால் அது தாண்டிப் போகும் வரை கரையிலேயே காத்திருங்கள். நடுவில் வண்டி நின்றால் இக்னிஷனை அணைத்து, இறங்கி, தள்ளிக்கொண்டு வாருங்கள். கியர் நியூட்ரலில்.

சென்னையில் கணேசபுரம், துரைசாமி, அரங்கநாதன் போன்ற சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கியிருந்தால் எந்த வண்டியும் வேண்டாம். சாலை கீழ்நோக்கிச் சரிவதால் மேலிருந்து பார்க்கும்போது தண்ணீர் சாலையோடு சமமாகத் தெரியும், ஆழம் கண்ணுக்குத் தெரியாது. கார் மிதக்க நாம் நினைக்கும் அளவு ஆழமும் தேவையில்லை. காரின் தரை சாலையிலிருந்து சுமார் 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, அதன் பரப்பு ஏறத்தாழ ஐந்து சதுர மீட்டர். தரைக்கு மேல் ஒவ்வொரு பத்து செ.மீ. தண்ணீரும் ஐந்நூறு கிலோவைத் தூக்கும். ஒரு சின்னக் கார் 900 கிலோ. சாலையில் 40 செ.மீ. தண்ணீர் நின்றால், கதவு வழியே உள்ளே கசிந்து நிரம்பும் வரை, அது ஒரு படகு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் வரிசையாக மிதந்து போனதை எல்லோரும் பார்த்தோம். ஓடும் தண்ணீரில் இறங்கி வண்டி நகர ஆரம்பித்தால் காரைப் பற்றி யோசிக்க வேண்டாம். கண்ணாடியை உடனே இறக்குங்கள், வெளியே தண்ணீர் ஏறிய பிறகு கதவைத் திறக்க முடியாது, பவர் விண்டோவும் எவ்வளவு நேரம் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. முதலில் குழந்தைகளை வெளியே எடுங்கள்.

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மக்கள் மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று சிலர் கோபப்பட்டார்கள். மிக்ஜாமில் அவர்கள் பட்டது எங்களுக்குத் தெரியும், அந்த வண்டிகளைப் பிரித்தவர்கள் நாங்கள். தாழ்வான பகுதிகளுக்கு மழைக்காலத்தில் மேட்டில் ஒரு பொதுப் பார்க்கிங் இடத்தை ஒதுக்கிக் கொடுத்தால், எத்தனையோ குடும்பங்களின் கடன் மிச்சமாகும்.

உங்கள் விஷயத்தில் நாளைக்கே செய்ய வேண்டியது ஒன்று. பட்டறைக்குப் போய், சர்வேயர் வந்து பார்க்கும் வரை இன்ஜினைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பிரிக்கும் அன்று கூடவே இருங்கள். ஏர் ஃபில்டர், டப்பாவுக்குள் இருக்கும் ஈரம், இன்டர்கூலரிலிருந்து வடியும் தண்ணீர், நாலு பிஸ்டன்களின் உயர அளவு இவற்றைத் தேதியோடு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ராடை மாற்றினால் பழைய ராடை வாங்கிக்கொள்ளுங்கள், கிளெய்ம் முடியும் வரை அதைத் தூக்கிப் போட வேண்டாம். அளவுகள் கைக்கு வந்ததும் எழுதுங்கள், ராடோடு முடியுமா, கிராங்க் வரை போக வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.